வறுத்த மரம் எரிபொருளாவது எப்படி? சீமைக்கருவேலத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

இந்தியாவின் அனல் மின்நிலையங்கள் நிலக்கரியோடு குறிப்பிட்ட அளவு உயிரிப்பொருளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் ஒரு கொள்கையை வெளியிட்டது. 2023 ஜூனில் அது திருத்தப்பட்டு, 2024-25 நிதியாண்டு முதல் 5 சதவீதம், 2025-26 முதல் 7 சதவீதம் என்று காலக்கெடு மாற்றியமைக்கப்பட்டது. வட இந்தியாவில் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோலுக்குச் சந்தை ஒன்றை உண்டாக்குவதே அந்தக் கொள்கையின் முதன்மையான நோக்கம். ஆனால் அதில் சாதாரண பெல்லட்டுகளோடு (தூளை அச்சில் அழுத்திச் செய்யும் சிறு உருளைகள்) ‘டாரிஃபைடு பெல்லட்’ என்ற, காற்றில்லாமல் வறுத்துச் செய்யும் இன்னொரு வகையும் குறிப்பிடப்பட்டிருப்பதால், அந்தச் சொல் விறகு வணிகத்துக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. சீமைக்கருவேலம், சவுக்கு, சவுண்டல், தைலமரம் போன்ற வேகமாக வளரும் மரங்களை இப்படிப் பக்குவப்படுத்தினால் நிலக்கரிக்கு நிகரான எரிபொருள் கிடைத்துவிடும் என்ற பேச்சும் கூடவே எழுந்திருக்கிறது.

அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. வெப்பப் பக்குவம் மரத்துக்குப் புதிதாக ஆற்றல் எதையும் சேர்ப்பதில்லை. மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை விலையாகக் கொடுத்து, எளிதாக அரைபடும் தன்மை, எளிதில் நனையாத தன்மை, குறைந்த இடத்தில் அடங்கும் தன்மை ஆகிய மூன்றையும் அது வாங்கித் தருகிறது. இந்த மூன்றும் தேவைப்படும் இடத்தில் அது நல்ல பேரம். தேவைப்படாத இடத்தில் வீண் செலவு. எது எந்த இடம் என்று பிரித்தறிய, மரத்துக்குள் வெப்பம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மரத்துக்குள் இருப்பவை

வெட்டிய உடனே எடைபோட்டால் பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். எஞ்சிய உலர் பொருளில் மூன்று பெருங்கூறுகள் இருக்கின்றன.

1. செல்லுலோஸ். உலர் எடையில் 40 முதல் 50 சதவீதம். நீண்ட நார்களாக நின்று மரத்துக்கு இழுவலிமை தருவது இதுதான். இது 315 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வேகமாகச் சிதையத் தொடங்குகிறது.

2. ஹெமிசெல்லுலோஸ். 20 முதல் 35 சதவீதம். நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது ஆகிய இரண்டிலும் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மூன்றில் மிக எளிதாகச் சிதைவது இது. 220 டிகிரியிலேயே உடையத் தொடங்கி 315 டிகிரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

3. லிக்னின். 20 முதல் 30 சதவீதம். எடைக்கு எடை அதிக ஆற்றல் கொண்டது. இது குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் உடையாமல், 160 டிகிரியிலிருந்து 900 டிகிரி வரை மெதுவாகச் சிதைந்துகொண்டே போகிறது.

இவற்றோடு சிறிதளவு பிசினும் எண்ணெய்களும், எரிந்த பின் சாம்பலாக எஞ்சும் பொட்டாசியம், கால்சியம், சிலிக்கா போன்ற தாதுக்களும் இருக்கும்.

ஹெமிசெல்லுலோஸ் சிதையும் வெப்பநிலைக்கும் செல்லுலோஸ் சிதையும் வெப்பநிலைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

வறுப்பு நடக்கும் விதம்

மரத்தைச் சில்லுகளாக்கி, காற்று புகாத கலனில் அடைத்து, இயல்பான காற்றழுத்தத்திலேயே 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றி, பொதுவாகக் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வைத்திருப்பதுதான் டாரிஃபேக்ஷன். இக்கட்டுரையில் அதை வறுப்பு என்றே குறிப்பிடுகிறேன். கலனில் ஆக்சிஜன் இல்லாததால் மரம் தீப்பிடிப்பதில்லை. முதலில் எஞ்சிய ஈரம் வெளியேறுகிறது. 200 டிகிரியைக் கடந்ததும் ஹெமிசெல்லுலோஸ் உடைந்து நீராவி, கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, அசெட்டிக் அமிலம், மெத்தனால் போன்றவையாக ஆவியாகிறது. இந்த ஆவியில் ஆக்சிஜன் அதிகமாகவும் ஆற்றல் குறைவாகவும் இருப்பதால், எடை கணிசமாகக் குறைந்தாலும் மரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி திடப்பொருளிலேயே தங்கிவிடுகிறது. உலர் எடையில் 70 முதல் 75 சதவீதமும் ஆற்றலில் 90 சதவீதமும் எஞ்சும் என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு.

220 டிகிரியில் எடுத்த சில்லு இளம்பழுப்பாக இருக்கும். கையால் வளைத்தால் மரம்போலவே வளைந்து, நார்நாராகப் பிரிந்துதான் முறியும். 280 டிகிரியில் எடுத்த சில்லு கரும்பழுப்பாக மாறியிருக்கும். அதை விரலால் அழுத்தினாலே முறிந்துவிடும். முறிந்த முகம் மழுங்கலாக இருக்கும். நார் எதுவும் தொங்காது. விரலில் பழுப்புத் தூள் ஒட்டும். நார்களைக் கட்டிவைத்திருந்த பிணைப்பு போய்விட்டது என்பதற்கு அந்த முறிவே சான்று.

வெப்பமண்டலத்தின் வேகமாக வளரும் மரங்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. குளிர்நாட்டுப் பைன் போன்ற ஊசியிலை மரங்களின் ஹெமிசெல்லுலோஸில் குளுக்கோமன்னன் மிகுதி. தைலமரம், சவுண்டல், சீமைக்கருவேலம் போன்ற அகன்ற இலைத் தாவர வகுப்பின் மரங்களில் சைலன் மிகுதி. அதோடு அசெட்டைல் தொகுதிகளும் அதிகம். சைலன் குறைந்த வெப்பத்திலேயே சிதையக்கூடியது. அசெட்டைல் தொகுதிகள் பிரிந்து உண்டாகும் அசெட்டிக் அமிலம் அந்தச் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. ஆகவே ஐரோப்பாவில் பைன் மரத்தை வைத்து வகுத்த வெப்பநிலையையும் நேரத்தையும் அப்படியே எடுத்து நம் மரங்களுக்குப் பயன்படுத்தினால் எடையிழப்பு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும். இது புதிய செய்தியும் அல்ல. வெப்பமண்டல மரங்களையும் மிதவெப்ப மண்டல மரங்களையும் அருகருகே வைத்து வறுத்துப் பார்க்கும் ஆய்வுகள் பிரான்சில் 1980களிலேயே நடந்தன. அதன் தொடர்ச்சியாக, பெஷினே நிறுவனம் 1987இல் அந்நாட்டின் லவால் தெ சேர் என்ற ஊரில், சிலிக்கான் உலோகத் தயாரிப்பில் கரிக்குப் பதிலாக வறுத்த மரத்தைப் பயன்படுத்த ஓர் ஆலையை நடத்தியது. பொருளாதாரம் ஒத்துவராததால் 1990களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

ஒரு டன் சீமைக்கருவேலத்தின் கணக்கு

எண்களை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பல குழப்பங்கள் தாமே தீரும். 45 சதவீதம் ஈரம் உள்ள 1,000 கிலோ பச்சை விறகை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 4,500 கிலோ கலோரி என்பது உலர்ந்த மரத்துக்கு ஏறத்தாழ சரியான மதிப்பு.

1. உலர் பொருள் 550 கிலோ, தண்ணீர் 450 கிலோ. உலர் பொருளில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 24.8 லட்சம் கிலோ கலோரி.

2. வறுத்த பிறகு எடை 75 சதவீதமும் ஆற்றல் 90 சதவீதமும் எஞ்சுவதாகக் கொண்டால், 412 கிலோ வறுத்த மரத்தில் 22.3 லட்சம் கிலோ கலோரி இருக்கும். கிலோவுக்கு 5,400 கிலோ கலோரி. இந்தியாவில் மின்நிலையங்களுக்குச் செல்லும் நிலக்கரி பெரும்பாலும் 3,500 முதல் 4,500 கிலோ கலோரிக்குள் இருப்பதால், வெப்பமதிப்பில் வறுத்த மரம் அதை மிஞ்சுகிறது.

3. ஆவியாகப் பிரிந்த 10 சதவீத ஆற்றல், அதாவது 2.5 லட்சம் கிலோ கலோரி, வீணாக வேண்டியதில்லை. அந்த ஆவியை எரித்து, அந்த வெப்பத்திலேயே மரத்தை உலர்த்தி வறுக்கலாம். நல்ல ஆலைகள் அப்படித்தான் அமைக்கப்படுகின்றன.

4. ஆனால் 450 கிலோ தண்ணீரை உலர்த்தியில் ஆவியாக்க, கிலோவுக்கு 700 கிலோ கலோரி என்று கொண்டாலும், 3.15 லட்சம் கிலோ கலோரி வேண்டும். வறுப்பில் பிரியும் ஆவியில் இருப்பதே 2.5 லட்சம்தான், அதையும் முழுமையாக வெப்பமாக்கிக் கொண்டுவர முடியாது. பச்சை விறகை நேரடியாக ஆலைக்குள் அனுப்பினால் கணக்கு இடிக்கிறது. கூடுதல் விறகை எரித்தாக வேண்டும். அப்போது 90 சதவீதம் என்ற எண் காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

5. அதே விறகை வெயிலில் போட்டு ஈரத்தை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், மொத்த எடை 688 கிலோவாகவும் அதிலுள்ள தண்ணீர் 138 கிலோவாகவும் குறையும். அதை ஆவியாக்க ஒரு லட்சத்துக்கும் குறைவான கிலோ கலோரி போதும். மரத்தை 270 டிகிரிக்குச் சூடேற்ற இன்னும் ஏறத்தாழ 40,000. இரண்டையும் அந்த ஆவியே பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது படியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வறுப்பாலையின் இலாப நட்டத்தைக் கலனுக்குள் இருக்கும் தொழில்நுட்பத்தைவிடக் கலனுக்கு வெளியே விறகு எத்தனை நாள் காய்ந்தது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற வறண்ட மாவட்டங்களுக்கு இதில் இயற்கையான அனுகூலம் உண்டு. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் மழைக்காட்டுப் பகுதிகளுக்கு அது கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கும் அந்த அனுகூலம் மறைந்துவிடும் என்பதால், கோடையிலேயே வெட்டிக் காயவைத்துக் கூரையின்கீழ் அடுக்கிவைக்க இடம் வேண்டும். அந்தக் கொட்டகைச் செலவு பெரும்பாலான திட்ட மதிப்பீடுகளில் அடக்கப்பட வேண்டிய முதல் செலவு.

பத்து சதவீதத்துக்கு ஈடாகக் கிடைப்பவை

முதலாவது, அரைபடும் தன்மை. அனல் மின்நிலையக் கொதிகலனுக்குள் நிலக்கரி மாவுபோல அரைக்கப்பட்டுக் காற்றோடு ஊதப்படுகிறது. அதே அரைவை இயந்திரத்தில் சாதாரண மரத்தைப் போட்டால் நார் நசுங்குமே தவிர மாவாகாது. வறுத்த மரம் நொறுங்கக்கூடியது என்பதால், அதை அரைக்க ஆகும் மின்சாரம் வறுக்காத மரத்துக்கு ஆவதைவிட 70 முதல் 90 சதவீதம் வரை குறைவு என்று நெதர்லாந்தின் ஆற்றல் ஆய்வு மையத்தில் நடந்த சோதனைகள் காட்டின.

இரண்டாவது, ஈரம் ஏற்காமை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹெமிசெல்லுலோஸ் குறைந்துவிடுவதால், வறுத்த மரம் காற்றிலிருந்து ஏற்கும் ஈரம் சாதாரண மரத்தைவிட மிகவும் குறைவு. பூஞ்சைக்கும் அதில் உணவு குறைவு. ஆனால் இதைத் தண்ணீரே புகாத பொருள் என்று விற்பவர்களின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சில்லுகளுக்குள் இருக்கும் நுண்துளைகள் வழியே மழைநீர் இறங்கும். பெல்லட்டாக இறுக்கிய பிறகுதான் அந்த எதிர்ப்பு வலுவாகிறது.

மூன்றாவது, அடர்த்தி. மரச்சில்லு ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 8 முதல் 9 லட்சம் கிலோ கலோரியைத் தாங்கும். சாதாரண மரப் பெல்லட் 25 லட்சத்தை ஒட்டி நிற்கும். வறுத்த மரப் பெல்லட் 35 லட்சத்தைத் தாண்டும். லாரியிலும் கப்பலிலும் வாடகை இடத்துக்குத்தான் என்பதால் தூரம் கூடக்கூட இதன் மதிப்பும் கூடும்.

இந்த மூன்றின் பண மதிப்பையும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பார்க்கலாம். அந்த மாகாணம் 2014இல் நிலக்கரி மின்உற்பத்தியை முற்றாக நிறுத்தியபோது, இரண்டு பழைய நிலையங்களை மரப் பெல்லட்டுக்கு மாற்றியது. அட்டிகோக்கன் நிலையம் சாதாரண வெள்ளைப் பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. நனையாமல் வைக்கத் தலா 5,000 டன் கொள்ளும் சேமிப்புக் கிடங்குகளும் புதிய கையாளும் கருவிகளும் வேண்டியிருந்ததால் அதற்கு 17 கோடி கனடா டாலர் செலவானது. தண்டர் பே நிலையத்தின் ஓர் அலகு நார்வேயிலிருந்து வந்த கறுப்புப் பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. பழைய நிலக்கரிக் கருவிகளையே பெரும்பாலும் பயன்படுத்தியதால் செலவு 50 லட்சம் டாலர் அளவில் முடிந்தது. தண்டர் பே அரிதாக இயக்கப்பட்ட நிலையம், 2018இல் மூடப்பட்டும்விட்டது என்பதால் இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து எடைபோடுவது முழுமையான ஒப்பீடாகாது. மேலும், அந்தக் கறுப்புப் பெல்லட் வறுப்பில் வந்ததும் அல்ல. அது உயர் அழுத்த நீராவியில் மரத்தை வைத்து, அழுத்தத்தைத் திடீரென விடுவித்து நாரைச் சிதறடிக்கும் நீராவி வெடிப்பு முறையில் செய்யப்பட்டது. வேறு வழியில் வந்தாலும் பயன் ஒரே வகையானது: எரிபொருளைப் பக்குவப்படுத்தச் செலவிட்டால் மின்நிலையத்தை மாற்றியமைக்கும் செலவு குறைகிறது.

இதிலிருந்து எதிர்ப்பக்கத்தையும் ஊகிக்கலாம். செங்கல் சூளை, சாயப்பட்டறைக் கொதிகலன், சிறிய உயிரிப்பொருள் மின்நிலையம் ஆகியவை விறகைத் துண்டாகவோ சில்லாகவோ தட்டின்மேல் எரிப்பவை. அங்கே அரைவை இல்லை. விறகும் சுற்று வட்டாரத்திலிருந்தே வருகிறது. அவர்கள் நன்றாகக் காய்ந்த விறகைக் கேட்டு வாங்கினால் போதும். வறுத்த மரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

கரிமூட்டம் வேறு, வறுப்பு வேறு

முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி, விளாத்திகுளம் வட்டாரங்களில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கும் தொழில் பல தலைமுறைகளாக நடக்கிறது. மூட்டத்துக்குள் வெப்பம் 400 டிகிரியைத் தாண்டுவதால் ஹெமிசெல்லுலோஸோடு செல்லுலோஸும் சிதைந்துவிடுகிறது. கிடைக்கும் கரி கிலோவுக்கு 7,000 கிலோ கலோரி தருவது, புகையில்லாமல் எரிவது.

மேலே சொன்ன அதே 550 கிலோ உலர் மரத்தில், மூட்டம் நன்றாக அமைந்து 25 சதவீதம் கரி கிடைத்தாலும் அது 138 கிலோதான். அதன் ஆற்றல் 9.6 லட்சம் கிலோ கலோரி. மரத்திலிருந்த ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மீதி புகையாகப் போய்விடுகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் மூட்டத்தைக் காவல் காக்கும் தொழிலாளர்கள்.

இதை வைத்து, கரிமூட்டத்தை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் வறுக்கலாம் என்று முடிவுகட்டுவது தவறு. இரண்டின் வாடிக்கையாளர்களும் வேறு. இஸ்திரிப் பெட்டிக்கும் தந்தூரி அடுப்புக்கும் பட்டறை உலைக்கும் புகையற்ற கரி வேண்டும். வறுத்த மரத்தில் எரியும்போது ஆவியாகும் பொருள் இன்னும் 60 முதல் 70 சதவீதம் வரை இருக்கிறது. அடுப்பில் போட்டால் அது தழலோடு புகையும் விடும். கரியின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. கரிமூட்டத் தொழிலாளிக்கு வேண்டியது புகையைப் பிடித்து எரிக்கும் மேம்பட்ட உலை. அது தனியாகப் பேசப்பட வேண்டிய கோரிக்கை. வறுப்பாலைத் திட்டங்களின் நிழலில் அது மறைந்துபோகக் கூடாது.

22 சதவீதம் என்ற நிபந்தனை

மத்திய அரசின் 2021 கொள்கை மின்நிலையங்களை அவற்றின் அரைவை இயந்திர வகைப்படி பிரித்தது. கிண்ண வகை அரைவை இயந்திரம் உள்ள நிலையங்கள் பெல்லட்டைக் கலந்தால் போதும். உருளைக்குள் இரும்புக் குண்டுகள் உருண்டு அரைக்கும் வகை உள்ள நிலையங்களோ 5 சதவீதம் டாரிஃபைடு பெல்லட்டைப் பயன்படுத்த வேண்டும். அந்தப் பெல்லட் பெரும்பாலும் வேளாண் கழிவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன் ஆவியாகும் பொருள் 22 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

நோக்கம் புரிகிறது. உருளை வகை இயந்திரத்துக்குள் எரிபொருள் அதிக அளவில் தேங்கி நிற்கும். உள்ளே வெப்பக் காற்றும் பாயும். அரைபடாத நார் அங்கே தங்கினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே நிலக்கரியை ஒத்த பொருளையே விதி கேட்கிறது.

ஆனால் உலர்ந்த மரத்தில் ஆவியாகும் பொருள் பொதுவாக 75 முதல் 85 சதவீதம். வறுப்பின் மேல் எல்லையான 300 டிகிரி வரை போனாலும் அது 22 சதவீதத்தை நெருங்காது. அந்த அளவுக்குக் கொண்டுவர 400 டிகிரிக்கும் மேலே சூடேற்ற வேண்டும்; அப்போது கையில் எஞ்சுவது உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய கரி. அதாவது விதியில் எழுதியிருக்கும் பெயர் வறுப்பு. விதியில் கேட்டிருக்கும் அளவு கரியாக்கம். 70 சதவீதம் எடை எஞ்சும் என்று கணக்கிட்டு ஆலை அமைக்கும் ஒருவர், 22 சதவீத நிபந்தனையோடு ஒப்பந்தம் எடுத்தால், அதே எடைச் சரக்கை ஒப்படைக்க இரண்டு மடங்குக்கும் மேல் விறகு வாங்க நேரிடும். ஒப்பந்தப் புள்ளியைப் படிக்கும் எவரும் பெல்லட்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஆவியாகும் பொருளின் அளவைப் பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘டாரிஃபைடு’ என்ற பெயரில் அருகருகே விலை கோரப்படும் இரண்டு சரக்குகள் முற்றிலும் வேறு பொருள்களாக இருக்கக்கூடும்.

வெப்பத்தில் பக்குவப்படுத்திய உயிரிப்பொருள் பெல்லட்டுகளைத் தரம்பிரிக்க 17225-8 என்ற எண்ணில் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் விவரக்குறிப்பு 2016இலேயே வந்துவிட்டது. பொருளின் பண்புகளைத் தனித்தனியே குறித்து விற்பதும் வாங்குவதும்தான் அதன் அடிப்படை. விதிகளும் அந்த வழியில் சென்றால் பெயரால் வரும் இந்தக் குழப்பம் நீங்கும்.

வறுப்பால் தீராதவை

சாம்பல். வெப்பம் தாதுக்களை வெளியேற்றுவதில்லை. உலர் மரத்தில் 1.5 சதவீதம் சாம்பல் இருந்து, எடை 75 சதவீதமாகக் குறைந்தால், வறுத்த மரத்தில் அது 2 சதவீதமாகிவிடும். குளோரினில் ஒரு பகுதி ஆவியோடு வெளியேறும். பொட்டாசியம் அப்படியே தங்கும். பொட்டாசியம் சாம்பலின் உருகுநிலையைக் குறைத்து, கொதிகலன் குழாய்களின்மேல் கண்ணாடிபோலப் படியவைக்கும். வேகமாக வளரும் மரங்களை இளம் வயதிலேயே வெட்டுவதால் மெல்லிய குச்சியும் பட்டையும் அதிகம் சேர்ந்து இந்தச் சிக்கல் கூடுகிறது. இந்திய நிலக்கரியில் 30 சதவீதத்துக்கும் மேல் சாம்பல் இருப்பது இங்கே ஒருவகையில் உதவி செய்கிறது. அதிலுள்ள அலுமினியச் சிலிக்கேட்டுகள் பொட்டாசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், 5 முதல் 10 சதவீதக் கலப்பில் பெரிய தொல்லை வருவதில்லை. முழுக்க மரத்தையே எரிக்கும் கொதிகலனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பெல்லட்டாக்குதல். பல வறுப்பாலைகள் திணறிய இடம் இது. சாதாரண மரத்தூளை அச்சில் அழுத்தும்போது, அதிலுள்ள ஈரமும் ஹெமிசெல்லுலோஸும் மென்மையான லிக்னினும் சேர்ந்து தூளைப் பிணைக்கின்றன. வறுத்தபின் ஈரம் இல்லை, ஹெமிசெல்லுலோஸ் இல்லை, தூள் உராய்வு மிகுந்ததாகிவிடுகிறது. அச்சு சூடேறித் தேய்கிறது, பெல்லட் உதிர்கிறது. தண்ணீர் தெளிப்பது, ஸ்டார்ச் போன்ற பிணைப்பான் சேர்ப்பது, வறுப்பைச் சற்று மிதமாக்குவது என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் செலவையோ தரத்தையோ தொடும்.

தீ. வறுத்த மரத்தைச் சூடு ஆறாமல் குவித்துவைத்தால், காற்றுப் பட்டதும் அது தானாகவே சூடேறிக் கனலத் தொடங்கும். காற்று படாத குளிர்விப்பானில் நன்றாக ஆறவைத்த பிறகே வெளியே விட வேண்டும். அதன் தூள் மிக நுண்மையானது, உலர்ந்தது. மூடிய அறையில் பறந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

ஆவி. அதை எரிக்காமல் புகைபோக்கி வழியே விட்டுவிடும் ஆலை, அசெட்டிக் அமிலத்தையும் கார்பன் மோனாக்சைடையும் ஊருக்குள் விடுகிறது. ஆவி குளிர்ந்து திரவமானால் குழாய்களை அரிக்கும் கரிய அமில நீராகும். இதை எங்கே கொட்டுகிறார்கள் என்பதை உரிமம் வழங்குவோர் முதலில் கேட்க வேண்டும்.

எந்த மரம், யாருடைய நிலம்

வெப்பமதிப்பில் இந்த மரங்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. உலர்ந்த நிலையில் எல்லாமே 4,500 கிலோ கலோரியை ஒட்டித்தான் நிற்கும். வேறுபடுவது அடர்த்தி, சாம்பல், பயிரிடும் முறை ஆகியவை. சவுக்கு அடர்த்தியானது, சாம்பல் குறைவானது. ஆனால் கடலூர், விழுப்புரம் வட்டாரங்களில் அதற்குச் சாரக் கம்பாகவும் காகிதக் கூழாகவும் நல்ல விலை இருக்கும்போது எரிபொருளுக்குக் கொடுக்க விவசாயி முன்வர மாட்டார். இந்தோனேசியா மின்நிலையக் கலப்புக்காகக் காலியாண்ட்ராவையும் கிளிரிசிடியாவையும் தனித் தோட்டங்களாக வளர்க்க முனைகிறது. இலங்கையில் கிளிரிசிடியா தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. அங்கே அது வேலியிலும் மிளகுக் கொடிக்குத் தாங்கு மரமாகவும் ஏற்கெனவே நிற்பதால் கிளை கழிப்பதே அறுவடையாகிறது. உணவு விளையும் நிலத்தை எரிபொருளுக்குக் கேட்காத ஏற்பாடு என்ற வகையில் அதை நான் மேலானதாக மதிக்கிறேன்.

சீமைக்கருவேலத்தின் நிலை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. 1877இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டு, பின்னர் தென்மாவட்டக் கண்மாய்கள் வரை பரவிய இந்த மரத்தை யாரும் புதிதாகப் பயிரிட வேண்டியதில்லை. அகற்ற வேண்டும் என்பதே உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவரும் உத்தரவு. அகற்றப்படும் மரத்தை வறுத்து மின்நிலையத்துக்கு விற்பது எல்லோருக்கும் நன்மை தரும் ஏற்பாடாகத் தோன்றும். அதில் ஒரு முரண் இருக்கிறது.

மேலே வெட்டிய சீமைக்கருவேலம், தரைமட்டத்துக்குக் கீழே தூரில் இருக்கும் மொட்டுகளிலிருந்து மீண்டும் துளிர்த்து, முன்பைவிட அடர்ந்த புதராக வரும். ஆகவே அகற்றும் திட்டத்துக்குத் தூரைத் தோண்டி எடுப்பதே வேலை. வறுப்பாலைக்கு வேண்டியது அதன் எதிர்ப்பக்கம்: நேரான, பட்டை குறைந்த, மண் ஒட்டாத தண்டு. தூரில் ஒட்டிவரும் மணல் சில்லுவெட்டியின் கத்தியை மழுக்கும், பெல்லட் அச்சைத் தேய்க்கும், சாம்பலைக் கூட்டும். எடைக்குப் பணம் தரும் ஒப்பந்தம் மட்டும் இருந்தால், ஒப்பந்தக்காரர் தண்டை வெட்டி எடுத்துக்கொண்டு தூரை விட்டுவிடுவார். மூன்று ஆண்டுகளில் அதே இடத்தில் மீண்டும் வெட்டலாம் என்பது அவருக்கு இலாபமும்கூட. கண்மாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கரிமூட்டம் போடுபவர்கள் இந்த இடத்தில் வேறுபடுகிறார்கள். தூரிலிருந்து கிடைக்கும் அடர்ந்த கரிக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு என்பதால், தோண்டும் கூலி அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. எனவே தண்டு வறுப்பாலைக்கும் தூர் கரி உலைக்கும் என்று ஒரே குத்தகையில் இரண்டையும் பிணைப்பதும், தொகையின் ஒரு பகுதியை நிலத்தில் தூர் எஞ்சவில்லை என்று சரிபார்த்த பிறகே விடுவிப்பதும் நடைமுறைக்கு ஏற்ற வழிகள். ஏலம் விடும் ஊராட்சியும் நீர்வளத் துறையும் குத்தகைப் பத்திரத்தில் இந்த இரண்டு வரிகளைச் சேர்க்கலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.